‘டியூ’ என்ற சொல்லைத் தவறாகப் படிக்காமலிருக்க: படிவம், பணம், தேதி குறித்த வழிகாட்டி

ஒரு படிப்புக்கு விண்ணப்பித்திருந்தபோது எனக்கு வந்த ஆங்கில மின்னஞ்சலின் மூன்றாவது வரியில், மதிப்பெண் பட்டியலைக் குறிக்கும் சொல்லுக்குப் பக்கத்தில் ‘டியூ’ என்றும், அதற்கடுத்து மார்ச் 15 என்றும் இருந்தது. சிறு வயது முதல் ‘டியூ’ என்றால் கட்ட வேண்டிய பணம் என்றே கேட்டுப் பழகியிருந்ததால், மதிப்பெண் பட்டியலுக்காக ஏதோ கட்டணம் பாக்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, எவ்வளவு கட்ட வேண்டும், எந்தக் கணக்கில் கட்ட வேண்டும் என்று மார்ச் 12 அன்று கேட்டு எழுதினேன். கட்டணம் எதுவும் இல்லை என்ற பதில் மார்ச் 16 அன்று வந்தது. பட்டியல் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டிய நாள் முந்தைய தினமே முடிந்துவிட்டிருந்தது. ஆவணம் குறைவு என்று என் விண்ணப்பம் ஒதுக்கப்பட்டது. அந்தப் பட்டியல் அப்போது சான்றொப்பத்துடன் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள ஒரு சொல்லால் ஓர் ஆண்டு போயிற்று. அதன் பிறகு எனக்கு வரும் ஒவ்வொரு ஆங்கிலக் கடிதத்திலும் படிவத்திலும் கட்டணச் சீட்டிலும் இச்சொல் எங்கே வருகிறது, என்ன பொருளில் வருகிறது என்று குறித்துவைக்கத் தொடங்கினேன். ஆங்கில ஆவணங்களைப் புதிதாகக் கையாளத் தொடங்கியிருப்பவர்களுக்காக, அந்தக் குறிப்புகளை வரிசைப்படுத்தி இங்கே தருகிறேன்.

1. முதலில் வேர்ப்பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இச்சொல் 14ஆம் நூற்றாண்டில் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சுச் சொல்லுக்கு மூலம் ‘டெபேரே’ என்ற இலத்தீன் வினை. ‘ஒருவருக்குச் சேர வேண்டியதைத் தன்னிடம் வைத்திருத்தல்’ என்பதே அதன் அடிப்படைக் கருத்து. கடனைக் குறிக்கும் ‘டெட்’, கணக்கில் பற்று எழுதும் ‘டெபிட்’, கடமையைக் குறிக்கும் ‘டியூட்டி’, நிறுவனங்கள் வெளியிடும் கடன் பத்திரமான ‘டிபெஞ்சர்’ ஆகிய எல்லாம் இதே வேரில் கிளைத்தவை. ‘டெட்’ என்ற சொல்லை எழுதும்போது நடுவில் ஒலிக்காமல் நிற்கும் ‘பி’ எழுத்து, இந்த இலத்தீன் வினையை நினைவூட்டுவதற்காகப் பிற்காலத்தில் செருகப்பட்டது.

தமிழருக்கு இந்த உறவு புரியாததன்று. நம் ‘கடன்’ என்ற சொல்லும் திருப்பித் தர வேண்டிய பணத்தையும் குறிக்கிறது, செய்தே ஆக வேண்டிய செயலையும் குறிக்கிறது. காலைக்கடன், ஈமக்கடன் என்ற சொற்களில் பணம் எங்கே இருக்கிறது? ஆகவே ‘டியூ’ என்ற சொல்லைக் கண்டவுடன் ‘பணம்’ என்று நினைக்காமல் ‘உரியது’ என்று நினையுங்கள். உரிய தொகை, உரிய நேரம், உரிய மரியாதை, உரிய முறை என்று தமிழில் நாம் சொல்லும் ஏறத்தாழ எல்லா இடங்களிலும் ஆங்கிலத்தில் இந்தச் சொல் வரும். என் குறிப்பேட்டில் சேர்ந்த வாக்கியங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே தமிழ்ச் சொல்லால் திறந்துகொண்டன.

2. பேச்சுத் தமிழில் புழங்கும் ‘டியூ’வை ஒதுக்கி வையுங்கள்

நம் பேச்சில் இச்சொல் தவணை என்ற பொருளில் நிலைத்துவிட்டது. ‘வண்டியை டியூவில் எடுத்தேன்’, ‘இன்னும் ஆறு டியூ பாக்கி’, ‘இந்த மாத டியூ கட்டிவிட்டேன்’ என்பவை தமிழுக்குள் பிழையற்ற வாக்கியங்கள். ஆனால் அவற்றை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் எதிரில் இருப்பவருக்குப் புரியாது. தவணைக்கு ஆங்கிலத்தில் ‘இன்ஸ்டால்மென்ட்’ என்ற தனிச்சொல் உண்டு. அந்தத் தவணை செலுத்தப்பட வேண்டிய நிலையை அடைவதைத்தான் ‘டியூ’ குறிக்கிறது. ஐந்தாம் தேதி தவணை ‘டியூ’ ஆகிறது என்று சொல்லலாம். ஆறு ‘டியூ’ பாக்கி என்று ஆங்கிலத்தில் சொல்லக் கூடாது.

பன்மையில் ‘டியூஸ்’ என்று வந்தால் பொருள் வேறு. சங்கம், மன்றம், தொழிற்சங்கம் போன்றவற்றுக்கு உறுப்பினர்கள் செலுத்தும் சந்தாவையே அது பெரும்பாலும் குறிக்கும். அச்சொல் பெயர்ச்சொல்லாக ஒருமையில் வந்தால், ஒருவருக்குச் சேர வேண்டிய பாராட்டையோ அங்கீகாரத்தையோ குறிக்கக்கூடும்.

உச்சரிப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘டியூ’ என்றும், விரைந்து பேசும்போது ‘ஜூ’ என்பதைப் போலவும் ஒலிக்கும். அமெரிக்கர்களில் பெரும்பாலோர் ‘டூ’ என்றே சொல்வார்கள். ‘செய்’ என்று பொருள்படும் சொல்லுக்கும் அதே ஒலி என்பதால், தொலைபேசியில் ஒருவர் உங்கள் படிவம் ‘டூ டுடே’ என்று சொன்னால், இன்றே வந்து சேர வேண்டும் என்பதுதான் பொருள். தொலைபேசியில் சொல்லப்பட்ட தேதியை எழுத்தில் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

3. எது ‘டியூ’ என்பதை எழுவாயில் தேடுங்கள்

நான் தவறியது இந்தப் படியில்தான். ‘டியூ’ என்ற சொல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் பொருள் கிடைக்காது. அது எதைப் பற்றிச் சொல்லப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

எழுவாய் பணமாக இருந்தால், செலுத்தப்பட வேண்டியது என்று பொருள். ஆவணமாகவோ கட்டுரையாகவோ ஒப்படைப்பாகவோ இருந்தால், வந்து சேர வேண்டியது. ரயிலாகவோ விமானமாகவோ இருந்தால், வரும் என்று எதிர்பார்க்கப்படுவது. முடிவு, அறிக்கை, தீர்ப்பு போன்றவையாக இருந்தால், வெளிவரும் என்று அறிவிக்கப்பட்டது. மனிதராக இருந்து அதற்குப் பின்னால் ‘ஃபார்’ வந்தால், அவருக்கு ஏதோ ஒன்று கிடைக்கவோ நடக்கவோ வேண்டிய காலம் வந்துவிட்டது: பதவி உயர்வு, மருத்துவப் பரிசோதனை, கடவுச்சீட்டுப் புதுப்பிப்பு என்று எதுவாகவும் இருக்கலாம்.

ஒரே பக்கத்தில் இவற்றில் மூன்று பொருள்கள் வருவது மிகச் சாதாரணம். எனக்கு வந்த அந்த மின்னஞ்சலையே மறுபடி படித்துப் பார்த்தபோது, மதிப்பெண் பட்டியல் மார்ச் 15 அன்று ‘டியூ’, சேர்க்கை முடிவு ஏப்ரல் கடைசியில் ‘டியூ’, இடம் கிடைத்தால் முன்பணம் மே மாதத்தில் ‘டியூ’ என்று மூன்று இடங்களில் இச்சொல் இருந்தது. முதலாவது நான் செய்ய வேண்டியது, இரண்டாவது அவர்கள் செய்ய வேண்டியது, மூன்றாவதுதான் பணம். ஒவ்வொரு ‘டியூ’வுக்கும் மேலே பென்சிலால் ‘நான்’, ‘அவர்கள்’ என்று எழுதிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை இது.

4. பணத்தைப் பற்றிய ‘டியூ’க்களைப் பிரித்துப் படியுங்கள்

கட்டணச் சீட்டுகளில் இச்சொல்லுடன் வேறு சொற்கள் ஒட்டிக்கொண்டு வரும். ஒட்டியிருக்கும் சொல்லில்தான் செலவு இருக்கிறது.

‘அமவுன்ட் டியூ’ என்பது செலுத்த வேண்டிய தொகை. ‘பேலன்ஸ் டியூ’ என்பது முன்பே செலுத்தியதைக் கழித்துக்கொண்டு எஞ்சியிருக்கும் தொகை. ‘பாஸ்ட் டியூ’, ‘ஓவர்டியூ’ இரண்டும் கெடு கடந்த தொகையைக் குறிக்கும். இவற்றைக் கண்டால் தாமதக் கட்டணமோ வட்டியோ ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருக்கலாம் என்று கொள்ளுங்கள். ‘டியூ ஆன் ரிசீட்’ என்றிருந்தால், சீட்டு கைக்கு வந்தவுடனே பணம் தர வேண்டும், தனியாக அவகாசம் கிடையாது.

கடன் அட்டை அறிக்கையில் ‘டோட்டல் அமவுன்ட் டியூ’, ‘மினிமம் அமவுன்ட் டியூ’ என்று இரண்டு தொகைகள் இருக்கும். இரண்டாவது தொகை சிறியதாக இருப்பதால், அதைச் செலுத்தினால் போதும் என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அதைச் செலுத்தினால் தாமதக் கட்டணத்திலிருந்து தப்பலாமே தவிர, மீதித் தொகைக்கு வட்டி உண்டு. பெரும்பாலான அட்டைகளில், மீதி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. ‘மினிமம்’ என்ற சொல்லுக்கு இங்கே ‘இதுவே போதும்’ என்று பொருளில்லை, ‘இதற்குக் கீழே போகாதே’ என்றுதான் பொருள்.

கடன் ஒப்பந்தங்களில் ‘டியூ அண்ட் பேயபிள்’ என்ற தொடர் வரும் பத்தியை இரண்டு முறை படியுங்கள். தவணை தவறினால் எஞ்சியுள்ள முழுக் கடனும் உடனடியாக ‘டியூ அண்ட் பேயபிள்’ ஆகும் என்று பல ஒப்பந்தங்களில் எழுதப்பட்டிருக்கும். கடன் கொடுத்தவர் பல ஆண்டுகளில் வாங்க வேண்டியதை ஒரே நாளில் கேட்கும் உரிமையை அந்த ஒரு தொடர் தந்துவிடுகிறது. இதற்கு எதிர்நிலையில், கணக்கு அறிக்கைகளில் வட்டி ‘அக்ரூட் பட் நாட் டியூ’ என்றிருந்தால், வட்டி சேர்ந்திருக்கிறது, ஆனால் செலுத்தும் நாள் இன்னும் வரவில்லை என்று பொருள்.

கணக்கேட்டில் ‘டியூ டு’ என்ற தலைப்பின்கீழ் இருப்பது நாம் கொடுக்க வேண்டியது. ‘டியூ ஃப்ரம்’ என்பதன்கீழ் இருப்பது நமக்கு வர வேண்டியது. இவ்விரண்டும் மாறிப்போனால் கடன்காரரும் கடன் கொடுத்தவரும் இடம் மாறிவிடுவார்கள்.

5. நாளைக் கணக்கிடும்போது எங்கிருந்து எண்ணுவது என்று பாருங்கள்

‘டியூ டேட்’ என்பதற்குத் தமிழில் ‘கெடு நாள்’ என்பது பொருத்தமான சொல். ஆனால் எல்லா ‘டியூ டேட்’டும் கெடு அன்று. கருவுற்ற பெண்ணுக்கு மருத்துவர் குறித்துக் கொடுக்கும் ‘டியூ டேட்’, கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள்களை எண்ணிச் சொல்லும் மதிப்பீடு மட்டுமே. குழந்தை அதற்கு முன்னும் பிறக்கலாம், பின்னும் பிறக்கலாம். ரயிலின் ‘டியூ’ நேரமும் எதிர்பார்ப்புதான். கட்டணம், படிவம், வரி போன்றவற்றில் வரும்போது மட்டும் அந்த நாள் வேலியாகிறது.

விற்பனைச் சீட்டுகளில் ‘நெட் 30’ என்று இருந்தால், பொதுவாகச் சீட்டின் தேதியிலிருந்து 30 நாள்களுக்குள் முழுத் தொகையும் ‘டியூ’ என்று பொருள். சீட்டின் தேதி ஏப்ரல் 3 என்றால், கெடு மே 3. சீட்டு உங்கள் கைக்கு ஏப்ரல் 11 அன்றுதான் வந்தது என்பதால் கணக்கு மாறாது. சீட்டு கிடைத்த நாளிலிருந்து எண்ண வேண்டுமென்றால் அது தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘2/10 நெட் 30’ என்ற குறிப்பு இருந்தால், பத்து நாள்களுக்குள், அதாவது ஏப்ரல் 13க்குள் செலுத்துபவருக்கு 2 விழுக்காடு தள்ளுபடி உண்டு. மாதக் கடைசியிலிருந்து எண்ணுவதா, வேலை நாள்களை மட்டும் எண்ணுவதா என்பதையும் சீட்டின் அடிக்குறிப்பில் தேடுங்கள்.

‘டியூ பை’ என்றால் அந்த நாளுக்குள், அந்த நாள் உட்பட. ‘டியூ ஆன்’ என்றால் அந்த நாளில். ‘டியூ வித்தின்’ என்றால் இத்தனை நாள்களுக்குள். இம்மூன்றிலும் வழக்கமாகக் கணக்கில் கொள்ளப்படுவது நீங்கள் அனுப்பிய நாள் அல்ல, அவர்களுக்குக் கிடைத்த நாள். அஞ்சல் முத்திரைத் தேதியை ஏற்பதாக இருந்தால் அதைத் தனியே சொல்லியிருப்பார்கள். சொல்லவில்லையென்றால் ஏற்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு, அஞ்சலுக்கோ கூரியருக்கோ ஆகும் நாள்களைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்து இரண்டு எச்சரிக்கைகள். மார்ச் 15, ‘12 ஏ.எம்.’ என்று இருந்தால், அது 14ஆம் தேதி இரவு முடிந்து 15 பிறக்கும் அந்த நொடி; 15ஆம் தேதி பகல் முழுவதும் உங்களுக்கு இருக்கிறது என்று எண்ணினால் ஒரு நாளை இழப்பீர்கள். இணையவழி விண்ணப்பமாக இருந்தால், குறிப்பிடப்பட்ட நேரம் எந்த ஊர் நேரம் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் அது பெறுபவரின் நேரமாகத்தான் இருக்கும்.

தேதியே இல்லாத ‘டியூ’ ஒன்றும் உண்டு. ‘இன் டியூ கோர்ஸ்’ என்பதற்கு ‘உரிய காலத்தில்’ என்று பொருள். பதில் ‘இன் டியூ கோர்ஸ்’ அனுப்பப்படும் என்று எழுதியிருந்தால், எப்போது என்று அவர்கள் உறுதியளிக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். அந்தப் பதிலை நம்பி வேறொரு கெடுவைத் தவறவிடாதீர்கள்.

6. ‘டியூ டு’ என்ற தொடரில் அடுத்த சொல்லைப் பாருங்கள்

மூன்று பொருள்கள் ஒரே வடிவத்தில் ஒளிந்திருக்கும் தொடர் இது. பின்னால் வரும் சொல்தான் தீர்மானிக்கிறது.

ஒருவரின் பெயரோ ‘உங்களுக்கு’, ‘அவருக்கு’ என்ற பொருள்தரும் சொல்லோ வந்தால், சேர வேண்டியது என்று பொருள்: ‘ரீஃபண்ட் டியூ டு யூ’ என்பது உங்களுக்குத் திரும்ப வர வேண்டிய பணம். வினைச்சொல் வந்தால், திட்டமிடப்பட்டது என்று பொருள்: அலுவலகம் ஐந்து மணிக்கு ‘டியூ டு க்ளோஸ்’ என்றால், ஐந்து மணிக்கு மூடப்பட இருக்கிறது. பெயர்ச்சொல் வந்தால், காரணம்: அலுவலகம் மூடப்பட்டிருக்கிறது ‘டியூ டு ரெய்ன்’ என்றால், மழையின் காரணமாக.

காரணப் பொருளில் நீங்களே எழுதும்போது ஒரு தயக்கம் வரலாம். ‘டியூ’ ஒரு பெயரடை என்பதால் அது ஒரு பெயர்ச்சொல்லைத் தழுவியே நிற்க வேண்டும் என்று பழைய இலக்கணக்காரர்கள் வலியுறுத்தினார்கள். 1926இல் வெளிவந்த தம் ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியில் ஃபவுலர், பெயர்ச்சொல்லைத் தழுவாமல் ‘காரணமாக’ என்ற பொருளில் வாக்கியம் முழுவதற்கும் பொருந்துமாறு எழுதும் மற்ற பயன்பாட்டைக் கடுமையாகச் சாடினார். இன்றைய அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. தேர்வுத்தாளிலோ முறையான கடிதத்திலோ எழுதும்போது, தாமதம் என்ற பெயர்ச்சொல்லை எழுவாயாக்கி, ‘தி டிலே வாஸ் டியூ டு’ என்று எழுதினால் எவரும் குறைகூற முடியாது. வாக்கியத்தை ‘டியூ டு’ என்று தொடங்கத் தோன்றும் இடங்களில் ‘பிகாஸ் ஆஃப்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

7. முறையைக் குறிக்கும் ‘டியூ’க்களைக் கடந்துபோகாதீர்கள்

படிவங்களின் அடியில் ‘டியூலி ஃபில்ட் அண்ட் சைன்ட்’ என்று இருக்கும். இதை அலங்காரச் சொல்லாக எண்ணித் தாண்டிவிடுகிறோம். முறைப்படி, விதிப்படி, ஒன்றும் விடாமல் என்பது இதன் பொருள். கையொப்பம் ஒரு பக்கத்தில் மட்டும் போதுமா, எல்லாப் பக்கங்களிலும் வேண்டுமா, பொருந்தாத கட்டங்களில் கோடிட வேண்டுமா என்பவற்றை அறிவுறுத்தல் பக்கத்தில் சரிபாருங்கள். ‘டியூலி அட்டெஸ்டட்’ என்றால் சான்றொப்பமிடத் தகுதியுள்ளவரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். அதற்குக் கட்டணமும் சில நாள்களும் ஆகலாம் என்பதால், மற்ற ஆவணங்களைத் திரட்டுவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.

‘டியூ டிலிஜென்ஸ்’ என்பது ஒப்பந்தத்துக்கு முன் செய்ய வேண்டிய உரிய ஆய்வு. ‘டியூ ப்ராசஸ்’ என்பது ஒருவரின் உரிமையைப் பறிக்குமுன் பின்பற்ற வேண்டிய உரிய சட்டநடைமுறை. அமெரிக்க அரசமைப்பின் 5ஆம், 14ஆம் திருத்தங்களில் இத்தொடர் இருக்கிறது. ‘அன்டியூ’ என்றால் உரிய அளவை மீறியது. ‘அன்டியூ டிலே’ இல்லாமல் தெரிவிக்க வேண்டும் என்று மட்டும் இருந்தால் அதில் எண் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த வரியில் எண் வரக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறையில், தரவுக் கசிவைக் கண்காணிப்பு அமைப்புக்கு அன்டியூ டிலே இன்றியும், இயன்றவரை 72 மணி நேரத்துக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்று இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஆகவே இச்சொல்லைக் கண்டால் படிப்பதை அங்கே நிறுத்தாமல் வாக்கியத்தின் முடிவு வரை செல்லுங்கள்.

‘வித் டியூ ரெஸ்பெக்ட்’ என்று ஒருவர் தொடங்கினால், உங்களுடன் உடன்படவில்லை என்று அடுத்துச் சொல்லப்போகிறார் என்று பொருள். மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் இதை வெறும் மரியாதைச் சொல்லாகப் போடாதீர்கள். அது மறுப்பாகவே படிக்கப்படும். திசைப்பெயருக்கு முன் வரும்போது ‘நேர்’ என்று பொருள்: ‘டியூ நார்த்’ என்பது நேர் வடக்கு.

8. அகராதிக்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள்

இதற்குச் செலவு தேவையில்லை. கேம்பிரிட்ஜ், லாங்மன், மெரியம்-வெப்ஸ்டர் ஆகிய அகராதிகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது கற்பவர்களுக்கான அகராதி. எளிய ஆங்கிலத்தில் விளக்கமும், ஒவ்வொரு பொருளுக்கும் முழு எடுத்துக்காட்டு வாக்கியமும் அதில் இருக்கும். சொல்லின் வேரை அறிய, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சொற்பிறப்பியல் அகராதி போதும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்குச் சந்தா உண்டு. உங்கள் கல்லூரியோ நூலகமோ ஏற்கெனவே அந்தச் சந்தாவைச் செலுத்தியிருக்கிறதா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

பெயரடை, பெயர்ச்சொல், வினையடை என்று தனித்தனியாகப் பிரித்திருப்பார்கள். புதியவர்கள் முதல் பொருளைப் படித்ததும் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். கடைசிப் பொருள் வரை படித்து, ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் இருக்கும் ஒரு ஆவணத்திலிருந்து ஒரு வரியை எழுதிவையுங்கள். எனக்கு இது மொத்தம் ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

9. ஐயம் இருந்தால், கேட்கும் விதத்தில் கேளுங்கள்

நான் அனுப்பிய கேள்வியின் குறை, அது என் தவறான புரிதலின்மேல் கட்டப்பட்டிருந்தது என்பதுதான். ‘எவ்வளவு கட்ட வேண்டும்’ என்று கேட்டதால், அவர்களும் கட்டணத்தைப் பற்றி மட்டுமே பதில் சொன்னார்கள். நீங்கள் எழுதும்போது, கடிதத்தில் உள்ள வரியை அப்படியே எடுத்து எழுதி, ‘இந்த நாளுக்குள் இந்த ஆவணம் உங்களிடம் வந்து சேர வேண்டும் என்று புரிந்துகொள்கிறேன், இது சரியா?’ என்று கேளுங்கள். புரிதல் தவறாக இருந்தால் திருத்துவதற்கு அவர்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

கெடுவுக்குக் குறைந்தது ஏழு வேலை நாள்களுக்கு முன் கேட்டுவிடுங்கள். அவகாசம் வேண்டுமென்றால் அதைக் கெடு முடிவதற்கு முன்பே, காரணத்தையும் நீங்கள் கேட்கும் புதிய தேதியையும் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் அது ‘ஓவர்டியூ’ கணக்கில் போய்விடும். இரண்டு வேலை நாள்களில் பதில் வராவிட்டால், பதிலுக்காகக் காத்திருக்காமல், கையில் இருக்கும் ஆவணத்தை அனுப்பிவிட்டு, அனுப்பியதற்கான ரசீதையும் அதன் நேரத்தையும் பத்திரப்படுத்துங்கள்.